அண்ணா வருவாங்க

இருபத்திரண்டு வருடம் என் வாயை வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தேன். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம், விமான நிலையம் என்று எங்கே தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரோ, அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். அவர் சொல்வதை நான் இந்த நாட்டு மொழியில் சொல்ல வேண்டும், இவர்கள் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. 'எனக்கு இடுப்பு வலிக்குது' என்று அவர் சொன்னால் நானும் 'எனக்கு இடுப்பு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்கு எத்தனை பிரசவம், எத்தனை மாரடைப்பு, எத்தனை விவாகரத்து! என் சொந்த விவாகரத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அந்த மனுஷர் தமிழில்தான் கத்தினார்.

ஊரில் தமிழுக்கு நாங்கள் மூன்றே பேர். விசாரணைத் தாளின் அடியில் எங்கள் பெயரை எழுத மாட்டார்கள், எண்ணைத்தான் எழுதுவார்கள். என் எண் பதினேழு.

ஒரு சொல்லை மட்டும் நான் எப்போதும் விழுங்கிவிடுவேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் அக்கா. "அக்கா, டாக்டர்கிட்ட சொல்லுங்கக்கா, தூக்கமே வரமாட்டேங்குதுக்கா" என்பார்கள். நான் மூன்று அக்காவையும் கழித்துவிட்டு, 'எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்பேன். டாக்டரிடம் போய் 'சகோதரி, சகோதரி' என்று சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கே மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். அது பேச்சுக்கு வருகிற அக்கா, கணக்கில் சேராது. இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பெண்ணை முதலில் பார்த்தது விமான நிலையத்தில். அன்றைக்கு அவள் எனக்கு ஏழாவது ஆள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மடியில் கைப்பையை வைத்து அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். டூரிஸ்ட் விசா, தொண்ணூறு நாள், திரும்பிப் போக டிக்கெட் கையில். பெட்டியில் மடிப்புக் கலையாத ஒரு புதுப் புடவை, அதற்கு மேல் சின்னச் சின்னதாக நான்கைந்து மூக்குக்கண்ணாடி உறைகள்.

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேங்க. லென்ஸ் தேச்சு ஃப்ரேம்ல பொருத்தற வேலை" என்றாள்.

"உங்களை அழைத்துப்போக யார் வருகிறார்கள்?" என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள். "அண்ணா வருவாங்க."

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் என்றால் 'எங்கண்ணன் வருவான்' என்றோ 'வருவாரு' என்றோ வந்திருக்கும். 'எங்க' இல்லாத அண்ணா, போதாக்குறைக்கு ஒரு 'வருவாங்க'. கூடப் பிறந்தவன் இல்லை என்று என் காதுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தால், 'இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கலாமா' என்று அதிகாரியிடம் அனுமதி கேட்க எங்களுக்கு விதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் மணி ஒன்றரை, எனக்குப் பசி, முட்டி வலி. 'சகோதரர்' என்றால் அவளையும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நல்லெண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. சோம்பலோடு நல்லெண்ணம் சேர்ந்தால் அதைவிடச் சௌகரியம் என்ன இருக்கிறது?

"என் சகோதரர் வருவார்" என்றேன் அதிகாரியிடம்.

அவள் காட்டிய சீட்டிலிருந்த பெயரையும் போன் நம்பரையும் சேர்த்து அவர் எழுதிக்கொண்டார். முத்திரை விழுந்தது. "தேங்க்ஸ்கா" என்றாள் அவள். அதை நான் விழுங்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். போனால் அதே பெண், அதே புதுப் புடவை. பக்கத்தில் ஒட்ட வாரிய தலையோடு ஒரு மனிதர். லிஃப்ட் மெக்கானிக். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் அவர் கூட வேலை பார்க்கிறவர்கள், வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள்.

"அக்கா! ஏர்போர்ட்ல இருந்தது நீங்கதானே?" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா. எங்கம்மா உன் அண்ணன்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவர் தன் அம்மாவுக்குக் கண்ணாடி செய்ய இங்கிருந்து அவள் கடைக்குப் போன் செய்திருக்கிறார். கடைக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணா. அம்மா கண்ணாடியை நான்கு தரம் மாற்றினார், ஃப்ரேம் அழுத்துகிறது, எழுத்து ஆடுகிறது என்று. நான்கு தரமும் இவர் போன் செய்தார். ஐந்தாவது தரம் கண்ணாடிக்கு ஒன்றுமே ஆகவில்லை, இருந்தாலும் போன் செய்தார். இரண்டு வருடம் போனில் வளர்ந்த பழக்கம். நாக்கு மட்டும் அண்ணாவிலேயே நின்றுவிட்டது.

"டிராவல்ஸ்காரர்தான் சொன்னாருக்கா, கல்யாணம்னு வாயத் திறந்தீங்கன்னா அடுத்த பிளைட்ல ஏத்திடுவாங்கன்னு. அந்தப் பயத்துல எனக்கு வேற ஒண்ணுமே வாயில வரல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டிராவல்ஸ்காரர் எதிரே இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. டூரிஸ்ட்டாக வந்து, முறையாகப் பதிவு செய்துகொண்டு, நாள் முடிவதற்குள் திரும்பிப் போய், அங்கிருந்து ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பிப்பதை இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்டால் சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற டிக்கெட்டைக் காட்டினால் போதும். இவர்கள் செய்ய நினைத்ததும் அதையேதான். ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் ஒளிந்திருக்கிறார்கள்.

பதிவாளர் படிவத்தைப் படித்தார். "உங்கள் இருவருக்கும் இடையே ரத்த உறவு உண்டா?"

நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றாக "இல்லீங்க" என்றார்கள்.

"இல்லை" என்றேன். மூன்று வாரத்துக்கு முன் 'சகோதரர்' என்று சொன்ன அதே வாய். பதிவாளருக்கு அது தெரியாது, தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போதே விமான நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்புறம் கெட்ட நாள் வந்தபோதும் போடவில்லை.

கையெழுத்து ஆனதும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முடிஞ்சுதாக்கா? அவ்ளோதானா?" என்றாள். விதிப்படி அதையும் சொன்னேன், அக்காவைக் கழித்துவிட்டு. பதிவாளர் சிரித்து, "அவ்வளவுதான், இனிமேல்தான் கஷ்டம்" என்றார். சாட்சிக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள்.

தொண்ணூறு நாளில் பன்னிரண்டு நாள் மீதி வைத்து அவள் திரும்பிப் போனாள். போன பிறகுதான் முழுகாமல் இருப்பது தெரிந்திருக்கிறது. விண்ணப்பம் போட்டார்கள். பிள்ளை பிறப்பதற்குள் விசா வந்துவிடும் என்று மெக்கானிக் தன் ஒற்றை அறை வீட்டில் ஜன்னலோரம் தொட்டில் வாங்கிப் போட்டுவிட்டார்.

அடுத்து அவரை நான் பார்த்தது ஆஸ்பத்திரி நடையில். ஒரு லிஃப்ட்டின் கதவைப் பிரித்துப் போட்டு, பாதி உடம்பை உள்ளே விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது.

வருகையின்போது விண்ணப்பதாரர் ஸ்பான்சரான கணவரைத் தன் சகோதரர் என்று கூறியுள்ளார், இது குறித்து நேர்காணல் நடைபெறும். அவ்வளவுதான் இருந்தது.

"அக்கா, அண்ணன்னு சொன்னா கூடப் பிறந்தவங்கன்னு மட்டும் அர்த்தம் இல்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். அன்னைக்கு இருந்தது நீங்கதானே" என்றார்.

"தம்பி, அதை எழுதினா அடுத்த கேள்வி என்ன தெரியுமா? தெரிஞ்சும் ஏன் அன்னைக்குக் கேக்கலன்னு. என் வேலை போயிடும். என் பொண்ணு காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறா."

"அவ அங்க வாயும் வயிறுமா தனியா இருக்காக்கா. நான் போகவும் முடியாது. ஆறு மாசச் சம்பளச் சீட்டுல ஒரு நாள் விட்டுப்போனாலும் ஸ்பான்சர் தகுதி போயிடும்னு சொல்றாங்க."

"அன்னைக்கே உண்மையைச் சொல்லித் தொலைச்சிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? ரெண்டு பேருக்கும் வயசு ஆகலையா, பச்சைப் பிள்ளைங்களா நீங்க?" என்று கத்தினேன். சக்கர நாற்காலியில் போன ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் கடிதத்தை அதே மடிப்பில் மடித்தார். "சரிக்கா" என்று மறுபடியும் லிஃப்ட்டுக்குள் போய்விட்டார். எனக்குத் தெரியும், அந்தக் கத்தல் அவருக்கானது இல்லை. பயந்தவள் நான்தான். நான் படியிறங்கிப் போனேன்.

பத்து நாள் கழித்து விசா அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருத்தி ஊருக்குப் போயிருந்தாள். இன்னொருவர் ரிட்டயர்டான வாத்தியார், கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டுப் போட்டிருந்தார். கோப்பு எண்ணை மட்டும்தான் சொன்னார்கள். அறைக்குள் போய் உட்கார்ந்து, சுவரிலிருந்த திரை வெளிச்சமானபோதுதான் அவள் முகம் தெரிந்தது. தூர தேசத்தில் ஒரு நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு மேஜை விளிம்பைத் தொட்டது.

விண்ணப்பதாரரை முன்பே தெரியும் என்றால் அப்போதே எழுந்து சொல்ல வேண்டும். அதுவும் விதிதான். நான் எழவில்லை. நாமாவது இருந்தால் அவள் சொல்வதை ஒழுங்காகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அல்லது, எழுந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தேன். இன்றுவரை எது என்று எனக்கே பிடிபடவில்லை.

அதிகாரி என் வயதுப் பெண்மணி. மரியாதையாகத்தான் பேசினார். கேள்விகள் நேராகக் கத்தி மாதிரி வந்தன.

"விமான நிலையத்தில் யார் வருவதாகச் சொன்னீர்கள்?"

"அண்ணா வருவாங்கன்னு சொன்னேங்க."

"இந்த மனிதர் உங்கள் சகோதரரா?"

"இல்லீங்க! இல்லவே இல்லீங்க."

"அப்படியென்றால் அதிகாரியிடம் பொய் சொன்னீர்களா?"

எந்தப் பக்கம் போனாலும் சுவர். சகோதரர் என்றால் கல்யாணம் செல்லாது. இல்லை என்றால் பொய் சொன்னவள், ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. கேட்டுவிட்டு அதிகாரியின் பார்வை ஒரு நொடி அவள் வயிற்றில் போய் நின்று வந்தது. அவளும் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். நான் வெட்கத்தில் செத்தேன். அவளுக்கு அந்த அசிங்கத்தை வாங்கிக் கொடுத்தது என்னுடைய ஒரு நிமிடச் சோம்பல்.

"நான் பொய் சொல்லலீங்க" என்றாள். "நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா, உங்களுக்குத் தெரியுமே. நீங்க சொல்லுங்கக்கா."

அக்காவைக் கழிக்க என் வாய் தானாகத் தயாரானது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இந்த முறை நான் கழிக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நான் பொய் சொல்லவில்லை. நாங்கள் அப்படித்தான் அழைப்போம். சகோதரி, உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், சகோதரி."

அதிகாரியின் பேனா நின்றது. "எந்தச் சகோதரி? இவருக்கு இந்த நாட்டில் சகோதரியும் உண்டா? விண்ணப்பத்தில் இல்லையே?"

அதையும் தமிழில் சொன்னேன். திரையில் அவள் முகம் வெளிறியது. "ஐயையோ! நான் இவங்களைச் சொன்னேங்க. இங்க பேசறாங்களே, இந்த அக்காவை."

"இந்த மொழிபெயர்ப்பாளரைத்தான் சொன்னேன்" என்றேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவருடைய சகோதரியா?"

என் தொழிலில் முதல்முறையாக ஒரு கேள்வி எனக்கே வந்திருந்தது.

"இல்லை. எங்கள் மொழியில் தன்னைவிட மூத்த பெண் யாராக இருந்தாலும் அக்கா. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரியும் அக்கா. மூத்த ஆண் அண்ணா. கடைக்கு வருகிறவர், வண்டி ஓட்டுகிறவர், எல்லாரும். நான் இவருக்குச் சகோதரி என்றால்தான் அந்த மனிதர் இவருக்குச் சகோதரர்" என்றேன்.

அவர் கோப்பைப் புரட்டி விமான நிலையத் தாளை எடுத்தார். "இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இருந்த மொழிபெயர்ப்பாளரும் உங்கள் மொழிக்காரர்தானே? அவர் ஒரு சந்தேகமும் எழுப்பவில்லை. உடன்பிறந்தவர் என்று புரிந்துகொண்டதால்தானே அப்படிச் சொல்லியிருப்பார்?"

தாளின் அடியில் இருந்த எண் தலைகீழாக எனக்குத் தெரிந்தது. அவர் இன்னும் அதை என்னோடு பொருத்திப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் வேலை தப்பித்திருக்கும், என் மகளின் படிப்பு நிம்மதியாக முடிந்திருக்கும். திரையில் அந்தப் பெண் கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினேழு நான்தான்" என்றேன். "உடன்பிறந்தவர் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கேட்டுத் தெளிவுபடுத்தியிருக்க வேண்டும், கேட்கவில்லை. 'சகோதரர்' என்பது என் வாயிலிருந்து வந்த சொல். இவர் அதைச் சொல்லவே இல்லை."

அதிகாரி பேனாவை மூடினார். என்னை வாய் திறக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். சம்பந்தப்பட்டவள் மொழிபெயர்த்ததால் இந்த நேர்காணல் செல்லாது, வேறு நாள் வேறு ஆளை வைத்து முதலிலிருந்து நடத்த வேண்டும், என் வாக்குமூலம் கோப்பில் சேரும் என்றார். எல்லாம் இந்த நாட்டு மொழியில்.

திரையில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சுக்கா? என்ன சொல்றாங்க? அக்கா, ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவள் இன்னொரு தரம் "அக்கா" என்றாள். திரையை அணைத்துவிட்டார்கள்.

என் விசாரணை பத்தே நிமிடத்தில் முடிந்தது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மகளிடம் சொன்னபோது அவள், "உன் வாய்க்கு இத்தனை நாள் தாங்கினதே பெருசும்மா" என்றாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். படித்துக்கொண்டே ஒரு கடையில் வேலைக்கும் சேர்ந்துகொண்டாள். நான் இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கிறேன். கையில் ஒரு பலகை, அதில் 'நில்' என்று ஒரே சொல். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

புது நேர்காணலுக்கு நாள் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அப்பா லிஃப்ட் மேலே உட்கார்ந்துகொண்டு போனில்தான் பார்த்தார். நான் அன்றைக்கே கடிதம் எழுதியிருந்தால் அவர் பக்கத்தில் இருந்திருப்பார். இதை அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன். கண் தெளிந்து வந்த வாத்தியார் ஒவ்வொரு அண்ணாவுக்கும் அனுமதி கேட்டு விளக்கம் சொன்னாராம். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது விசா வந்தது.

"நீங்களும் வரணும்கா" என்று மெக்கானிக் கூப்பிட்டார். விமான நிலையத்துத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் நின்றோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார், காலரில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார். நான் கிழித்துவிட்டேன்.

அவள் வந்தாள். தோளில் குழந்தை. அவர் இரண்டு கையையும் நீட்டினார். போனில் அவரைப் பார்த்து தினமும் சிரித்த பிள்ளை நேரில் பார்த்ததும் வீறிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டு, போனில் கூப்பிடுகிற அதே குரலில், "குட்டிம்மா, யாரு இது? யாரு?" என்றார். அழுகை நின்றது. பிள்ளை அந்தக் குரலைத் தேடிக்கொண்டு அவர் சட்டைப் பையிலிருந்த போனைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவள் என்னிடம் வந்தாள். "நல்லா இருக்கீங்களா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. "உள்ள ஏதும் பிரச்சினை இல்லையே?" என்றேன்.

"இல்லைங்க மேடம். யார் வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. கணவர்னு சொன்னேன். சொந்தக்காரங்க வேற யாராவது வந்திருக்காங்களான்னாங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். தப்பா மேடம்?"

"இல்லம்மா. சரியாத்தான் சொல்லியிருக்கே."

சரிதான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. இவ்வளவு சரியாகப் பேச அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

காரில் அவளும் நானும் பின் ஸீட்டில் உட்கார்ந்தோம். விமான நிலையக் கட்டடம் மறைகிற வரைக்கும் அவள் பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ரோடு வளைந்தது. கட்டடம் போய்விட்டது. அவள் மூச்சை விட்டாள். பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்து, அதன் காதுக்குள் சொல்கிற மாதிரி மெதுவாக, "பெரியம்மாகிட்ட இரு" என்றாள்.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. நான் எதையும் கழிக்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

வண்டி மெதுவானது. முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் மெக்கானிக் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பார்வை? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க தம்பி" என்றேன்.